மான்தலைக் கடையில் மத்தியானச் சாப்பாடு

கொழும்பில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்துகொண்டு, மலையில் குளிரில் நிற்பவர்களை உற்சாகப்படுத்துவதற்கென்றே ஒரு சபை இருந்தது. தோட்ட உழைப்பாளர் ஊக்குவிப்புச் சபை என்று அதற்குப் பெயர். சபையில் இருந்த பதினொரு பேரில் ஒருவர்கூட ஒரு கொழுந்தைக் கிள்ளிப் பார்த்ததில்லை. அதனால்தான் தங்களால் பாரபட்சமில்லாமல் முடிவெடுக்க முடிகிறது என்று சபையே தன் ஆண்டறிக்கையில் எழுதிக்கொண்டது. ஐம்பத்தொன்பதாம் வருஷம் மே மாதம் இந்தச் சபையின் கண், ராகலைப் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் கொழுந்து பறித்த பூரணியின்மேல் விழுந்தது. ஒரே நாளில் அவள் பெயரில் அறுபத்தொரு றாத்தல் கொழுந்து நிறுக்கப்பட்டிருந்தது.

அதைப் பறித்தது அவள் இல்லை என்பதுதான் சங்கடம்.

நடந்தது இவ்வளவுதான். பிள்ளை பெற்று நாற்பத்தாறாம் நாள் பூரணி மலைக்குத் திரும்பினாள். அந்தத் தோட்டத்தில் பதினாறு றாத்தல் பறித்தால் முழுப் பேர், குறைந்தால் அரைப் பேர், அதாவது அரைநாள் சம்பளம். பச்சை உடம்புக்காரிக்குப் பதினாறு எட்டாது. போதாததற்கு, கைப்பிள்ளைகளை விட்டுவைக்கும் பிள்ளைக்காம்பராவுக்கு ஓடிப்போய்ப் பால் கொடுத்துவிட்டு வர வேண்டும். ஆகவே அந்தக் கூட்டத்துப் பெண்களிடம் ஒரு வழக்கம் உண்டு. திரும்பி வந்தவளின் கூடையில், அந்த முதல்நாள் மட்டும், பக்கத்து நிரையில் நிற்கிறவள் அவளுக்குத் தெரியாமல் ஒரு பிடி கொழுந்து போட்டுவிடுவாள். போட்டவள் சொல்லமாட்டாள், வாங்கியவள் கேட்கமாட்டாள். கேட்டால் அது உதவியாகிவிடும். உதவி என்றால் நன்றி சொல்ல வேண்டும். மலையில் அதற்கெல்லாம் எவளுக்கு நேரம்?

அன்றைக்குப் பூரணியின் முகம் வெளுத்துக் கிடந்ததைப் பார்த்த இருபத்திரண்டு பெண்களும், மற்றவள் போடமாட்டாள் என்று தனித்தனியே நினைத்துக்கொண்டார்கள். இருபத்திரண்டு பேரும் போட்டார்கள். காலை நிறுவைக்குப் போட்டார்கள், மத்தியானத்துக்குப் போட்டார்கள், அந்திக்கு இரண்டு பிடியாகப் போட்டார்கள். கொழுந்து மண்டிக்கிடந்த மாதம், கையும் தாராளமாகத்தான் இருந்தது. பிள்ளைக்குப் பால் கொடுத்துவிட்டு வந்து கூடையைத் தூக்கும்போதெல்லாம் பூரணியின் கழுத்து நரம்பு புடைத்தது. கேட்கக்கூடாது என்பது அவளுக்கும் தெரியும். கணக்கப்பிள்ளை தராசை மூன்று தடவை தட்டிப் பார்த்துவிட்டு, எழுத வேண்டியதை எழுதினார். எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்த சோலைமலைக் கங்காணி, மழை வருமா என்று வானத்தைப் பார்த்தார்.

மூன்றாவது வாரம் சபையின் அதிகாரி திரு. அருளம்பலம் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்துக்கே வந்துவிட்டார். அவர் பேசுவது பேச்சு மாதிரி இருக்காது. அச்சடித்த காகிதம் வாயிலிருந்து வருவது மாதிரி இருக்கும்.

“ஈன்ற உடலோடு அறுபத்தொரு றாத்தல்! இவ்வம்மையாருக்கு எமது சபை ஒரு விருந்தளிக்கத் தீர்மானித்துள்ளது. நுவரெலியாவிலுள்ள பாரம்பரிய ஜெர்மானிய உணவகத்தில், மதிய போசனம்!”

ஏன் ஜெர்மானிய உணவகம் என்பதைப் பற்றிச் சபையில் ஐந்து கூட்டம் நடந்திருந்தது. வெள்ளைக்காரர் கிளப், கொழுந்துக்காரியை வாசற்படி ஏற்ற முடியாது என்று கடிதம் எழுதிவிட்டது. பெரிய ஹோட்டல் கடிதம்கூட எழுதவில்லை. பஸ் ஸ்டாண்டுச் சாப்பாட்டுக் கடையில் சபை உறுப்பினர்கள் கை நனைக்க முடியாது. ஜெர்மன்காரர் ஒருவர்தான் சரி என்றார். போரில் தோற்றவர்கள் மறுத்துப் பேசமாட்டார்கள் என்று ஓர் உறுப்பினர் விளக்கம் சொன்னதாகக் கூட்டக் குறிப்பில் இருக்கிறது.

பூரணிக்கு அன்று இரவு தூக்கம் வரவில்லை. புருஷன் சின்னராசா, “போட்டா தின்னுட்டு வா. கேட்டா தலைய ஆட்டு” என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டான். விடிந்ததும் பிள்ளையை லயத்து வரிசை வீட்டில் பக்கத்துக் காம்பராவுக்குத் தூக்கிக்கொண்டு போனாள். அங்கே மீனம்மா தன் எட்டு மாதப் பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

“இங்க குடு இவனையும். ரெண்டு பக்கமும் சும்மாவா இருக்கு?” என்றாள் மீனம்மா. “நீ நல்லா சாப்பிட்டு வா. என்னென்ன போட்டாங்கன்னு ஒண்ணு விடாம வந்து சொல்லணும். நாங்கெல்லாம் எந்தக் காலத்துல அங்க போகப் போறோம்?”

“அக்கா, அது எங் கொழுந்து இல்லன்னு சொல்லிப்புடவா?”

“எது? யாரு கொழுந்து? எனக்கு ஒண்ணும் தெரியாதுடி” என்று மீனம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வழக்கம் வழக்கம்தான்.

உணவகத்தில் வெறுங்காலுக்கு அனுமதி இல்லை என்று முன்கூட்டியே சொல்லியிருந்தார்கள். தோட்டத்தில் மருந்து கொடுக்கும் டிஸ்பென்சர் அம்மாவின் சப்பாத்து ஒரு சோடி கிடைத்தது. அளவு பெரிது, முன்பக்கம் சீலைத் துணியைத் திணித்துக்கொண்டு, தோட்டத்து லொறியில் முன்சீட்டில் ஏறினாள் பூரணி. லொறியின் முன்சீட்டில் அவள் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. வழி நெடுக அவள் கண்ணுக்குக் கோவா என்கிற முட்டைக்கோசுத் தோட்டமும் உருளைக்கிழங்குப் பாத்தியும்தான் தெரிந்தன. அங்கேயும் அதைத்தான் போடப் போகிறார்கள் என்று அவளுக்கு அப்போது தெரியாது.

உணவகத்தின் பெயரை டவுனில் யாராலும் சொல்ல முடியவில்லை. உள்ளே சுவர் முழுக்கக் கொம்புத் தலைகளாக இருந்ததால் மான்தலைக் கடை என்று வைத்துக்கொண்டார்கள். ஜெர்மன் காட்டு மான்கள் என்று எழுதி ஒட்டியிருந்தது. ஹோர்ட்டன் சமவெளிப் பக்கம் சுட்ட நம்மூர் மரைமான்கள் என்பது அவற்றின் மூஞ்சியைப் பார்த்த எவருக்கும் தெரியும். முதலாளி பிரவுனர் துரை போருக்கு முன்னால் தேயிலைத் தொழிற்சாலைகளுக்கு மெஷின் பூட்ட வந்தவர். இப்போது சாப்பாட்டையும் அப்படித்தான் நடத்தினார். மணி அடித்தால்தான் கரண்டியை எடுக்கலாம். மறுபடி அடித்தால் வைத்துவிட வேண்டும். சுவர்க் கடிகாரத்திலிருந்து மரக்குயில் வெளியே வந்து கூவினால், அது கூவி முடிக்கும்வரை மெல்லக்கூடாது. தட்டில் மிச்சம் வைக்கக்கூடாது. காரத்துக்குச் சம்பல் கேட்கக்கூடாது.

பரிமாறுகிறவர் பக்கீர். நாற்பது வயது, நல்ல தாடி, ராகலைக்காரர்; முஸ்லிம் அண்ணன்மாரை அந்தப் பக்கத்தில் ‘நானா’ என்றுதான் கூப்பிடுவார்கள். ஜெர்மன் வழக்கப்படி அவருக்கு முழங்காலுக்கு மேலே நிற்கும் தோல் காற்சட்டையும் இரண்டு பட்டியும் மாட்டி விட்டிருந்தார்கள். குளிரில் முழங்கால் இரண்டும் நீலம் பாரித்திருந்தது.

“வாங்க தங்கச்சி. என்னைப் பார்த்துச் சிரிக்க வேணாம். மூத்த மகளே இன்னும் சிரிக்கிறா” என்றார் மெதுவாக.

“இல்ல நானா, நான் சிரிக்கல. எனக்கு அழுகதான் வருது” என்றாள் பூரணி.

மணி அடித்தது. சூப் வந்தது. சூப்போடு அதிகாரியின் முதல் சொற்பொழிவும் வந்தது.

“ஜெர்மானியர் போரில் தோற்றனர். இடிந்த நாட்டைப் பத்தே ஆண்டுகளில் நிமிர்த்தினர். எதனால்? உருளைக்கிழங்கினால்! அதே உருளைக்கிழங்கை எமது தொழிலாளி உண்பாராயின், அவரது கை எவ்வேகத்தில் இயங்கும்? இதுவே எமது ஆய்வு.”

ஆய்வு என்றால் சும்மா இல்லை. பிரவுனர் துரை நிறுத்துக்கடிகாரம் ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். பூரணி ஒரு நிமிஷத்தில் எத்தனை கரண்டி குடிக்கிறாள் என்று அதிகாரி குறித்துக்கொண்டார். பூரணிக்கு இதுதான் சமயம் என்று பட்டது.

“ஐயா, அன்னிக்கு நான் பறிச்சது கொஞ்சந்தாங்க.”

“அடக்கம்!” என்று அதிகாரி புத்தகத்தில் எழுதி அடிக்கோடிட்டார். “உற்பத்தி மிகுந்தோரிடம் அடக்கமும் மிகும்.”

அடுத்தது பன்றித் தொடை. பக்கீர் அந்தத் தட்டைத் தொடமாட்டார். சமையற்காரர் சில்வாவே தூக்கிக்கொண்டு வந்தார்; பக்கீர் மூன்றடி தள்ளி நின்று, சுவரைப் பார்த்தபடி, அதன் பெருமையை மொழிபெயர்த்தார். பக்கத்தில் டென்னிஸ் பந்து அளவுக்கு அவித்த கிழங்கு உருண்டை இரண்டு. ஒரு குவியல் கோவா. பூரணி ஒரு வாய் கோவா வைத்துப் பார்த்தாள்.

“நானா, இது புளிச்சுப் போச்சே?”

“புளிக்க வச்சதுதான் தங்கச்சி. ஆறு கெழமை பீப்பாயில கெடந்தது.”

பால் கொடுக்கிறவள் கோவா தின்றால் பிள்ளைக்கு வயிறு ஊதும். தின்னாவிட்டால் சட்டப்படி குற்றம். பூரணி தின்றாள். முள்ளுக்கரண்டி கைக்கு வரவில்லை. கிழங்கு உருண்டை வழுக்கி ஓடியது. கடைசியில் கொழுந்துக் கறை ஏறிய விரல்களால் அதைக் கிள்ளி எடுத்தாள். அதிகாரி நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார்.

“பார்த்தீர்களா? இரு விரல், ஒரு கிள்ளு! உணவிலும் பயிற்சி!”

பிரவுனர் துரை கடிகாரத்தைப் பார்த்து ஏதோ ஓர் எண் சொன்னார். அதுவும் புத்தகத்தில் ஏறியது.

“ஐயா, எல்லாரும் சேந்துதாங்க...” என்று பூரணி மறுபடி ஆரம்பித்தாள்.

“கூட்டு மனப்பான்மை!” அதற்கும் ஓர் அடிக்கோடு. பிறகு அதிகாரி தொண்டையைச் செருமிக்கொண்டு இறைச்சிக்கான சொற்பொழிவைத் தொடங்கினார். “தொழிலாளர் எல்லோருக்கும் கூடுதலாகக் கொடுத்தால் அவர்கள் கெட்டுவிடுவர் என்பது எமது சபையின் முடிவு. ஆகவே, ஒருவருக்குக் கொடுக்கிறோம், எல்லோரிடமும் பெறுகிறோம். ஈன்ற உடலால் அறுபத்தொன்று இயலுமாயின், ஏனைய உடல்களால் இருபத்திரண்டு இயலாதா? சபையின் கருணை, அறுபத்தொன்று கேட்கவில்லை!”

பூரணி பக்கீரைப் பார்த்தாள். “என்னா நானா சொல்றாரு?”

பக்கீர் தண்ணீர் ஊற்றுகிற சாக்கில் குனிந்தார். “முழுப் பேருக்கு இனிமே பதினாறு இல்லையாம் தங்கச்சி. தோட்டத்துல எல்லாருக்கும் இருபத்திரண்டாம். ஒங்கட கணக்க வச்சித்தான்.”

கிழங்கு உருண்டை பூரணியின் தொண்டையில் நின்றது. அந்த நேரம் பார்த்து மரக்குயில் வெளியே வந்து கூவியது. பன்னிரண்டு தடவை. மெல்லவும் கூடாது, விழுங்கவும் முடியவில்லை. பிள்ளைக்குப் பால் கொடுக்கும் நேரமும் அதுதான். ரவிக்கை நனைவது தெரிந்து முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். தன் பிள்ளை இப்போது மீனம்மாவிடம் குடித்துக்கொண்டிருப்பான் என்ற நினைப்பு வந்தது. அவள் போட்ட பிடியை வைத்துத்தான் அவள் கழுத்துக்கே கயிறு திரிக்கிறார்கள், தான் அதற்கு உட்கார்ந்து தின்றுகொண்டிருக்கிறோம் என்ற நினைப்பும் கூடவே வந்தது.

இனிப்பு வந்தது. ஆப்பிள் கேக். கறுவா வாசம் மேசை முழுக்கப் பரவியது. கூடவே ஒரு காகிதமும் மைப்பெட்டியும் வந்தன. விருந்து உண்டதற்கும், அறுபத்தொரு றாத்தலைத் தனியொருத்தியாகப் பறித்ததற்கும் ஒரே காகிதத்தில் ஒப்புதல்.

“ஐயா,” என்றாள் பூரணி. இந்தத் தடவை குரல் உரத்து வந்தது. “அது எங் கொழுந்து இல்லீங்க.”

அதிகாரி கரண்டியைக் கீழே வைத்தார். அவருக்குக் கோபம் வரவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

“வேறு யாருடையது?”

பூரணி மைப்பெட்டியைப் பார்த்தாள்.

“பிறர் கொழுந்தைத் தன் பெயரில் நிறுப்பது பொய் நிறுவை. கொடுத்தவர், பெற்றவர், கண்டும் காணாதிருந்த கங்காணி, அனைவர் பெயரும் தோட்டத்திலிருந்து வெட்டப்படும். பெயர் வெட்டப்பட்டால் லயத்துக் காம்பராவும் இல்லை. குடும்பத்தோடு வெளியேற வேண்டும். சபை நீதி தவறாது. பெயர்களைச் சொல்லுங்கள் அம்மா. மெதுவாகவே சொல்லலாம், எனது பேனா புதியது.”

அவர் உண்மையாகவே பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தார். பூரணிக்கு இருபத்திரண்டு முகமும் வரிசையாக வந்தன. முதலில் மீனம்மா. பிறகு நிறைமாதத்தோடு நின்று, மூச்சு வாங்க வாங்க ஒரு பிடி போட்டதை இவள் ஓரக்கண்ணால் கண்ட நாகலெட்சுமி. வானத்தைப் பார்த்த சோலைமலைக் கங்காணி. உண்மை சொன்னால் தன்னோடு சேர்த்து இருபத்து நான்கு குடும்பத்துக்குக் கூரை போகும். சொல்லாவிட்டால் அத்தனை பேருக்கும் ஆறு றாத்தல் ஏறும்.

“எங் கொழுந்துதாங்க” என்றாள்.

“எனக்குத் தெரியும்” என்று அதிகாரி அன்போடு சொன்னார். அவள் பெருவிரலை அவரே பிடித்து மையில் அழுத்தினார்.

பாதிக் கேக் மிச்சமிருந்தது. பிரவுனர் துரை மணியில் கை வைத்துக்கொண்டு தட்டையே பார்த்தார். மை காயாத கையை மடியில் வைத்துக்கொண்டு, மறு கையால் பூரணி அதையும் தின்றாள். மண்ணாக இருக்கும், வாந்தி வரும் என்றுதான் நினைத்தாள். அப்படி எதுவும் இல்லை. கேக் நன்றாக இருந்தது. அவள் ஆயுசில் அவ்வளவு ருசியாக எதையும் தின்றதில்லை. நாக்கு வெட்கம் கெட்டுப்போய் இன்னும் கொஞ்சம் கேட்டது. அந்தச் சமயம் பார்த்து, சபை அழைத்து வந்திருந்த டவுன் ஸ்டூடியோக்காரர் படம் எடுத்தார்.

பொழுது சாய்வதற்குள் லொறி திரும்பிவிட்டது. மீனம்மாவின் மடியில் பிள்ளை வயிறு நிறைந்து தூங்கிக்கொண்டிருந்தான்.

“சொல்லுடி, என்னா போட்டாங்க?”

“புளிச்சுப் போன கோவாக்கா. வாயில வைக்க முடியல.”

“அடப் பாவமே! பசியோடயா வந்த?” என்று மீனம்மா எழுந்து போய், தனக்கு எடுத்து வைத்திருந்த ரொட்டியில் பாதியைப் பிய்த்துக் கொடுத்தாள். பூரணி அதையும் தின்ன வேண்டியதாயிற்று.

மறு திங்கள் பெரட்டில் கணக்கப்பிள்ளை கடுதாசி வாசித்தார். முழுப் பேருக்கு இருபத்திரண்டு றாத்தல். அதே வாரம், கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் தராசுக்கு நேர் மேலே, கண்ணாடி போட்ட படம் ஒன்று தொங்கியது. தலைக்கு மேலே இரண்டு மரைக் கொம்பு; வாய் நிறையக் கேக்கோடு பூரணி. கீழே, ‘இவரால் முடிந்தது, உங்களாலும் முடியும்.’ அந்திக்குக் கூடை இறக்குகிற ஒவ்வொருத்தியும் அந்த வாய்க்குக் கீழேதான் நின்றாள். பத்தொன்பது, இருபது, அரைப் பேர், அரைப் பேர். யாரும் பூரணியைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். அவர்கள் அவள் பிள்ளைக்குச் சளி விட்டதா என்று கேட்டுவிட்டுப் போனார்கள்.

ஆடி பிறந்து சில நாள் கழித்து, பிள்ளை பெற்ற நாகலெட்சுமி மலைக்குத் திரும்பினாள். முகம் வெளுத்துக் கிடந்தது.

இருபத்திரண்டு றாத்தல் காலத்தில் எவளும் போடமாட்டாள், தான்தான் போட வேண்டும் என்று நினைத்துப் பூரணி முதல் பிடியோடு போனாள். நாகலெட்சுமி பிள்ளைக்காம்பராவுக்குப் போயிருந்தாள். கூடை பாதையோரம் இருந்தது. பூரணி உள்ளே எட்டிப் பார்த்தாள். கூடை முக்கால்வாசி நிறைந்திருந்தது. காலை நிறுவைக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது.

பாவிகள் போட்டிருக்கிறார்கள். தங்களுக்கே பற்றாத கொழுந்தை, மற்றவள் போடமாட்டாள் என்று நினைத்து, ஒவ்வொருத்தியும் போட்டிருக்கிறாள். இப்படியே போனால் அந்திக்குள் அறுபதைத் தாண்டும். கணக்கப்பிள்ளை சந்தோஷமாக எழுதி அனுப்புவார். சபை கூடும். மான்தலைக் கடையில் மணி அடிக்கும். இருபத்திரண்டு முப்பதாகும். வாயைத் திறந்து சொல்லலாம் என்றால், கங்காணி காதும் கணக்கப்பிள்ளை காதும் பத்தடியில் இருந்தன.

பூரணி குனிந்தாள். தன் பிடியைப் போடவில்லை. நாகலெட்சுமியின் கூடைக்குள் கையை விட்டு ஒரு பிடி எடுத்தாள். பச்சை உடம்புக்காரியின் கூடையிலிருந்து கொழுந்து எடுத்தவள் அந்த மலையில் அதுவரை ஒருத்தியும் இல்லை. எடுத்ததை மடியில் கட்டிக்கொண்டு போய், நிரை நிரையாக, இளைத்துக் கிடந்த கூடைகளில் போட்டாள். திரும்பி வந்து இன்னொரு பிடி. அன்று முழுக்க அதுதான் அவள் வேலை. மற்றவர்கள் போடப் போட, இவள் எடுத்தாள். தன் நிரையில் பாதிச் செடி கிள்ளாமல் கிடந்தது. ஒவ்வொரு தடவையும் திருடி மாதிரியே இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் கையை விட்டாள்.

மூன்றாம் நிறுவைக்குக் கொஞ்சம் முன்னால், கை கூடைக்குள் இருக்கும்போதே நிமிர்ந்து பார்த்தாள். எதிரே மீனம்மா நின்றாள். அவள் கையிலும் ஒரு பிடி கொழுந்து இருந்தது.

மீனம்மா பூரணியின் கையைப் பார்த்தாள். கூடையைப் பார்த்தாள். காலையிலிருந்து தன் கூடை பறித்ததைவிடக் கனத்துக்கொண்டிருந்தது ஏன் என்பது அவளுக்கு அப்போதுதான் விளங்கியிருக்க வேண்டும். தன் பிடியைப் பூரணியின் கூடையில் போட்டுவிட்டு நடந்தாள்.

அந்திக்கு மடுவத்தில் மூன்று நிறுவையும் கூட்டியதில் நாகலெட்சுமிக்குச் சரியாக இருபத்திரண்டரை. முழுப் பேர். மீனம்மாவுக்கு இருபத்து மூன்று. வரிசையில் அநேகம் பேருக்கு முழுப் பேர் விழுந்ததில் கணக்கப்பிள்ளைக்கே ஆச்சரியம். கடைசியாகப் பூரணி கூடையை இறக்கினாள். ஒன்பது. கணக்கப்பிள்ளை தராசைப் பார்த்தார், மேலே படத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

“படத்துல இருக்கவ நீதானே?”

“அந்த வாய் என்னோடதுதாங்க” என்றாள் பூரணி. “அரைப் பேரு போட்டுக்கங்க.”

லயத்துக்கு இறங்குகிற பாதையில் மீனம்மா கூட வந்தாள். பாறைத் திருப்பம் வரை முன்னும் பின்னுமாக இறங்கினார்கள். பிறகு காற்றில் கேட்பது மாதிரிக் கேட்டாள்.

“ஏண்டி, அன்னிக்கு அங்க போட்ட சாப்பாடு நெசமா எப்படி இருந்துச்சு?”

பூரணி நின்றுவிட்டாள்.

“கடைசியா ஒரு கேக்கு போட்டாங்க. நல்லா இருந்துச்சுக்கா,” என்றாள். “ரொம்ப நல்லா இருந்துச்சு.”

சொல்லி முடிக்கும்முன்பே அழுகை வந்துவிட்டது. மீனம்மா அவள் தலையிலிருந்த வெறுங்கூடையை வாங்கித் தன் கூடைக்குள் போட்டுக்கொண்டு முன்னால் நடந்தாள்.